முரசுக்குக் காத்திருந்தவர்கள்

அந்தக் கோட்டை மைதானத்தில் வருஷம் ஒருநாள் பழைய போரை நடித்துக் காட்டுவார்கள், கண்ணுகளா. வெட்டுப்பட்டு விழுந்தவர்கள் முரசு ஒலித்த பிறகுதான் எழ வேண்டும் என்பது வழக்கம். இந்த வருஷம் ஏதோ ஓர் ஆர்வக்கோளாறு, மரக்கத்தியால் முரசு அடிப்பவரையும் சாய்த்துவிட்டது. கடைசியில் நடித்த நாற்பது பேரும் விழுந்து, முரசடிக்க ஆளில்லாமல் அசையாமல் கிடந்தார்கள். வெயில் தாழ்ந்தது. பட்டாம்பூச்சிகள் அவர்கள் கேடயங்களில் வந்து உட்கார்ந்தன.

சோற்று அண்டாவோடு வந்த செங்கமலம், புருஷன் வேலாண்டியைக் கரண்டியால் தட்டினாள்.

"எந்திரிய்யா, சோறு ஆறுது."

"முரசு அடிக்கலையே புள்ள. செத்தவன்கிட்ட பேசாத," என்றார் அவர், கண் திறக்காமல்.

அவளே குச்சியை எடுத்து முரசை ஓங்கி அடித்தாள். வேலாண்டி எழுந்தார். நாற்பது பேரும் எழுந்தார்கள். அப்புறம் மண்ணும் அசைந்தது. அந்தப் பழைய போரில் விழுந்தவர்கள், தலைமுடியில் புல்வேரோடு ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

செங்கமலம் அண்டாவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கய்யா," என்றாள்.