ஒன்பதாவது மாத்திரை

எங்கள் நாய் ஜூலிக்கு இதயம் பலவீனம் என்று மங்கலம்பேட்டை மாட்டு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்திருந்தார். பகலெல்லாம் அது நான் வேலை பார்க்கும் பீங்கான் சூளையில்தான் படுத்துக் கிடக்கும். அதனால் என் மனைவி பூங்கோதை மாத்திரையை இட்லியோடு என் டிபன் பாக்ஸில் வைத்து அனுப்புவாள். இட்லிக்குள் பொதிந்து கொடுப்பேன். ஜூலி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். மறுபடி கொடுத்துப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. எடுத்துச் சூளை நெருப்பில் போட்டுவிடுவேன்.

"மாத்திர குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு."

இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் ஜூலி செத்துப்போனது.

"ஒரு நாளு கூட வுடாம குடுத்தீங்களே, அப்பயும் போயிடுச்சேங்க" என்று பூங்கோதை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் சூளையைத் திறந்தேன். வெந்த கோப்பை ஒன்றுக்குள் ஒரு மாத்திரை கிடந்தது. கருகவில்லை. ஈரமாக இருந்தது. அதன் பிறகு சூளை திறக்கும்போதெல்லாம் ஒன்று.

இன்று ஒன்பதாவது. அதை இட்லிக்குள் பொதிந்து, ஜூலி படுக்கும் மூலையில் குனிந்து, உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது இட்லி இல்லை. கையில் மாத்திரை மட்டும் நனைந்து கிடந்தது.

இன்னொரு இட்லியைப் பிட்டேன்.