நீலப் பிளாஸ்ரர்

"எடியே கம்சா, என்ர பிளாஸ்ரரை எடுத்தனியோ?"

கம்சா நிமிரவில்லை. தன் வலது கணுக்காலைச் சுற்றி நீலப் பிளாஸ்ரர் நாடாவை ஒட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் சொக்ஸுக்கு மேலால்.

"ஓம். கொஞ்சம் எடுத்தனான்."

கொஞ்சமா? சுருளில் வெறும் மட்டைதான் மிஞ்சியிருந்தது. நிசாந்தினிக்கு அழுகை முட்டியது. வவுனியாவுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு கிழமை காத்திருந்து எடுத்த சுருள் அது. இன்றைக்குத் தேவையானதைக் காலையிலேயே தன் காலில் ஒட்டிவிட்டு, மீதியைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

"உன்ர கால் நல்லாத்தானேடி இருக்கு. உனக்கென்னத்துக்கு?"

"வடிவா இருக்கெல்லோ? நீலக்கால் உனக்கு மட்டும்தான் எண்டு எழுதியிருக்கோ?"

மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"விடு பிள்ளை," என்று மரியமலர் ரீச்சர் காதோடு சொன்னா. "மாவட்ட அணிக்கு இஞ்சயிருந்து ஒராளைத்தான் எடுக்கப்போயினம். நீ இல்லாட்டி அவள். வயித்தெரிச்சலாக்கும்."

நிசாந்தினி தன் சொக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு கடற்கரையில் ஓடும்போது ஒருமுறை மடங்கிய கால் அது. அதற்குப் பிறகு ஒரு சின்னப் பள்ளம் போதும், பொசுக்கென்று மடங்கிவிடும்.

"இன்னொருக்கா மோசமா மடங்கினா சத்திரசிகிச்சைதான். பிறகு பந்தை மறந்திட வேண்டியதுதான்," என்று ஆஸ்பத்திரியில் பிசியோ அஜந்தன் சேர் சொல்லியிருந்தார். ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கியதும், பிளாஸ்ரரை மெல்ல இழுத்து ஒட்டக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

"இதில மருந்து பூசியிருக்கோ சேர்?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கால் மடங்கப் பாக்கேக்கை இது தோலைப் பிடிச்சு இழுக்கும். கால் முழிச்சுக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனா தோலில ஒட்டவேணும். துணிக்கு மேல ஒட்டினா ஒரு பிரயோசனமும் இல்லை."

அதையும் கம்சாவுக்குச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே!

விசில் ஊதியது.

கோயில் பெருநாளுக்கான உதைபந்தாட்டத்தில் இறுதி ஆட்டம். கடலுக்கும் களப்புக்கும் நடுவிலிருந்த மைதானத்தில் பின்நேர வெயில் மஞ்சளாய் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டல்காற்றில் பந்துகூட அவசரமில்லாமல் மிதந்து வருவதுபோல் இருந்தது. நிசாந்தினியின் கணுக்காலைத் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ இரண்டு விரலால் பிடித்திருப்பதுபோல் ஓர் உணர்வு. ஓடினாள். கால் மடங்கவில்லை. இன்னும் ஓடினாள். கால் அவளுடையதாகவே இருந்தது.

போன ஆட்டத்தில் இப்படியில்லை. பாதி ஆட்டத்தில் சொக்ஸ் வழுகி நீலம் தெரிந்ததும், எதிரணிக்காரிகளின் சப்பாத்தெல்லாம் அந்தக் காலைத்தான் தேடி வந்தன. அந்த நீலக்கால் கதை எல்லா ஊருக்கும் போயிருக்கும் என்று இன்று பயந்துகொண்டுதான் இறங்கினாள்.

இன்று அவளை ஒருத்தியும் தேடவில்லை. கனவில் ஓடுகிறமாதிரி, முன்னால் வெறும் புல்லும் வெளிச்சமும்தான்.

இடதுபக்கத்தில் கம்சா விழுந்தாள். எழும்பினாள். திரும்பவும் விழுந்தாள்.

"பந்தைக் குடன்டி!" என்று கத்திக்கொண்டே நிசாந்தினி கடந்து போனாள். 'பாஷனுக்கு ஒட்டினவளுக்கு நல்லா வேணும்' என்று மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது.

கடைசி நிமிடத்தில் கம்சா விழுந்து கிடந்தபடியே பந்தைத் தட்டிவிட்டாள். நிசாந்தினி அடித்தாள். வலை ஒருமுறை மெல்ல ஊதி அடங்கியது.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த தெரிவாளர் கடதாசியைப் பார்த்துப் பெயரை வாசித்தார். நிசாந்தினியின் பெயர்.

எல்லாரும் அவளைத் தூக்கினார்கள். மேலேயிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கோல் கம்பத்தடியில் கம்சா தனியே இருந்தாள்.

நிசாந்தினி இறங்கிப் போனாள். கம்சா பிளாஸ்ரரைக் கிழித்து, சொக்ஸை உருட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே கணுக்கால் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. சப்பாத்து ஆணிகளின் தடம் ஒன்றல்ல, நாலைந்து.

"ஐயோ, என்னடி இது?" நிசாந்தினி முழங்காலில் இருந்தாள். "தோலில ஒட்டவேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? சொக்ஸுக்கு மேல ஒட்டினா என்னடி பிரயோசனம்?"

கம்சா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தோலில ஒட்டினா அவளவையின்ர கண்ணில படாதேடி."