திங்கட்கிழமை நிகழ்ச்சி

மார்கழிப் பனியில் கொடிக்கம்பம்கூடத் தெரியவில்லை. காலைக் கூட்டத்தில் மைக் கரகரத்து, ஒரு பெண்குரல் பள்ளிச் செய்திகளை வாசிக்கத் தொடங்கியது. யமுனா இன்று நன்றாகவே வாசிக்கிறாள் என்று நினைத்தபடி, பெர்சிஸ் டீச்சர் வரிசைகளுக்குப் பின்னால் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கோகோ அணி மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சி. அதற்கும் தட்டினார்கள். சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குச் சுற்றுலா என்றதும் மைதானமே அதிர்ந்தது.

"திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இரங்கல் கூட்டம். அனைவரும் வெள்ளைச் சீருடையில் வரவும்."

செய்தி முடிந்தால் கைதட்டுவது பழக்கம். தட்டிவிட்டார்கள். பெர்சிஸ் டீச்சரும் தட்டிவிட்டாள். பிறகுதான் காதில் விழுந்தது உறைத்தது. வரிசைகளைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடினாள்.

மேடையில் யாருமில்லை.

அப்போதுதான் பையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள் யமுனா. "சாரி டீச்சர். பனியில ரோடே தெரியலன்னு டிரைவர் அண்ணன் வண்டிய மெதுவா உருட்டிக்கிட்டே வந்தாரு. நான் இப்ப வாசிக்கட்டுமா? எங்க கிளாஸ் டூர் பத்திச் சொல்லணும்ல?"

பெர்சிஸ் டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மைதானம் அடங்கிவிட்டிருந்தது. பனிக்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து மட்டும் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.