சோப்பு மாமா

ஆஸ்பத்திரியில் சேர்த்தும் மனைவிக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை.

"ரத்தத்துல அபூர்வமான கிருமி. மருந்துக்கு அடங்குது, மறுபடி வந்துடுது. எங்கிருந்து வருதுன்னு தெரியலையே!" என்று கையைப் பிசைந்தார் டாக்டர்.

கணவருக்கு வைத்தியமா தெரியும்? தெரிந்ததைச் செய்தார். நர்ஸோ, மச்சானோ, பெரிய டாக்டரோ, யார் வந்தாலும் வாசலிலேயே மறித்து, "முதல்ல கை கழுவுங்க!" என்று பாட்டிலை அமுக்கிச் சோப்பு ஊற்றுவார். அப்புறம்தான் மனைவியின் கழுத்தில் மருந்து ஏற்றச் செருகியிருந்த குழாயைத் தொட விடுவார். வார்டில் அவருக்குப் பெயரே 'சோப்பு மாமா'.

கடைசியில், அறையிலிருந்த அத்தனை பொருளையும் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார்.

"கிடைச்சிடுச்சு சார். அதே கிருமி அந்தச் சோப்புப் பாட்டில்ல இருக்கு. சோப்பு குறையக் குறைய யாரோ குழாய்த் தண்ணிய ஊத்தி நிரப்பியிருக்காங்க. அதுலதான் பெருகியிருக்கு."

அந்த 'யாரோ' அவர்தான். ஒரு வேளைகூடப் பாட்டில் காலியாக இருந்துவிடக் கூடாதே என்றுதானே ஊற்றினார்!

கட்டிலில் மனைவி கண் திறந்தாள். அவர் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.