பாதுகாப்புக்கான விருது

"ரெண்டாவது கேமரா, முகம் வேண்டாம். கையை மட்டும் பிடிங்க."

அரங்கின் கடைசியில், தன் மேசையிலிருந்து ஹெட்போனில் சொல்லிவிட்டு மேடையைப் பார்த்தாள் அவள்.

விருதை வாங்கி, ஏற்புரையும் ஆற்றி முடித்திருந்தார் கனகசபாபதி. சட்டையில் குத்திய மைக் அப்படியே இருந்தது.

எதிரே தொள்ளாயிரம் பேர். பின்னால் முப்பதடித் திரை.

வாகன உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் பதினெட்டாவது மாநாடு. நான்கு மாதமாக அவள்தான் ஒவ்வொன்றையும் ஏற்பாடு செய்தாள். சர்க்கரை போடாத காபிக்குத் தனி மேசை வரைக்கும். காலையிலிருந்து ஒரு குறையும் இல்லை.

குறை இருந்தால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இன்று ஒருவரும் எழுந்து போகக் கூடாது.

விருதைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைத்தாள். முன்வரிசையில் ஜப்பானியர்களை உட்காரவைத்தாள். கனகசபாபதியின் சரக்கை வாங்குபவர்கள்.

தொழிலாளர் பாதுகாப்பில் சிறந்த நிறுவனத்துக்கான விருது. ஐந்து ஆண்டுகளில் ஒரு விபத்தும் இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்.

அதை முதலில் படித்தவள் அவள்தான்.

இரண்டு முறை படித்தாள். இந்த மாநாட்டை மிக நன்றாக நடத்துவதென்று அப்போது முடிவு செய்தாள்.

அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா அவருடைய கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஓட்டினார். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு தடுப்பு இருந்தது. வேலை மெதுவாகிறது என்று அதைக் கழற்றச் சொன்னார் கனகசபாபதி.

அடுத்த வாரம் அப்பாவின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரிக்கு ஒரு காகிதம் வந்தது. வீட்டுக் கிரைண்டரில் கை சிக்கியது என்று அதில் இருந்தது. அப்பாவின் இடது பெருவிரலைப் பிடித்து, மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தவர் கனகசபாபதியேதான்.

கட்டிலின் மறுபக்கம் அவள் நின்றிருந்தாள்.

"நல்லா படிக்கணும்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நன்றாகத்தான் படித்தாள்.

அந்த விண்ணப்பத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூரிலும் பாடியிலும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். இந்த ஐந்து ஆண்டுகளில் அதே கம்பெனியில் கை போனவர்களைத் தேடினாள். ஆறு பேர் கிடைத்தார்கள். எல்லாரிடமும் கிரைண்டர் கதைதான் இருந்தது.

அப்பாவையும் கூப்பிட்டாள்.

"விடும்மா. சோறு போட்ட மனுசன்."

அப்பா வரவில்லை.

"ஐயாவை வாழ்த்த அவருடைய தொழிலாளர்களே வந்திருக்கிறார்கள்" என்றார் மேடையிலிருந்த அறிவிப்பாளர்.

கனகசபாபதி சிரித்தார். சங்கத்தின் ஏற்பாடு என்று நினைத்திருக்க வேண்டும். கையை நீட்டிக்கொண்டு திரும்பினார்.

அருளப்பன் முதலில் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. அவரும் வலது கையை நீட்டினார்.

திரையில் அது முப்பதடிக்கு விரிந்தது. ஒரு பெருவிரல். ஒரு சுண்டுவிரல். நடுவில் ஒன்றுமில்லை.

கைதட்டல் வந்தது. பிறகு அங்கங்கே நின்றது.

இரண்டாவது கை. அதில் பெருவிரலே இல்லை.

மூன்றாவதாக இஸ்மாயில். அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இரண்டிலும் சேர்த்து ஐந்து விரல்கள். பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது. கனகசபாபதி இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிருந்தது.

உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"எவன்யா உன்னக் கூப்பிட்டது?"

அரங்கம் முழுக்கக் கேட்டது.

"இன்விடேஷன் வந்துச்சு சார். கார் அனுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க."

"மைக்கைக் கட் பண்ணிடவா மேடம்?" பக்கத்தில் சவுண்ட்காரர் பதறினார்.

"வேண்டாம்."

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்திவிட்டார். முன்வரிசையில் ஒரு ஜப்பானியர் காதிலிருந்ததைக் கழற்றி மடியில் வைத்தார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பக்கத்திலிருந்தவர் குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

நான்கு. ஐந்து. ஆறு.

ஒருவரும் எழுந்து போகவில்லை.

கனகசபாபதி கண்ணைச் சுருக்கி அரங்கின் கடைசியில் தேடினார். தன் மேசை விளக்கை அவளே போட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் பார்வை அவள்மேல் வந்தது. நின்றது.

நகர்ந்துவிட்டது.

அவருக்கு அவளைத் தெரியவில்லை.

பதினேழு வருடம் இந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். அடுத்தது சாப்பாடு.

"அரங்க விளக்கைப் போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள்.

மேடைப் படியில் செருப்புச் சத்தம்.

ஓட்டல் சீருடையில் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். வாசலில் கார்க் கதவு திறந்துவிடுபவர். ஆறு பேரையும் உள்ளே கூட்டிவந்து, கதவோரம் அப்படியே நின்றுவிட்டவர் போலிருக்கிறது. ஐம்பது வயதிருக்கும். கையில் வெள்ளைக் கையுறை.

"மேடம், இவர் நம்ம லிஸ்ட்ல இல்லையே. யாரு?" கேமராக்காரர் ஹெட்போனில் கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை.

அவர் கடைசிப் படியில் நின்றார். வலது கையுறையை மெல்ல உருவினார். கழற்றிய பிறகும் அதன் இரண்டு விரல்கள் விறைத்தே நின்றன. உள்ளே பஞ்சு.

கனகசபாபதி ஓரடி பின்னால் போனார்.

ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் அவருடைய மூச்சு கேட்டது. பிறகு, மிக மெதுவாக, ஒரு பெயர்.

"சிங்காரம்..."