கம்பியில் ஒரு நீலக் கோட்டு

சலவைக் கடைக்குள் சாயங்கால வெயில் சரிந்து விழுகிறது. இஸ்திரிப் பெட்டி துணியைத் தொடும்போதெல்லாம் புஸ்ஸென்று ஆவி எழுந்து அந்த வெயிலில் கரைகிறது. "ம், அடுத்தது?" என்று தலை நிமிராமலே கேட்கிறாள் அண்ணி. நாத்தனாருக்கு நாளைக்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு. இரண்டு படங்களைக் காட்டி, ஒப்பிட்டுப் பேசு, கற்பனை பண்ணிப் பேசு என்பார்கள். போன தடவை படங்களையே வெறித்துவிட்டு வாயடைத்துத் திரும்பி வந்தவள் இவள். கடையில் படத்துக்கு எங்கே போவது? கம்பி நிறையத் தொங்கும் சட்டைகள்தான் படங்கள். ஒன்றின் பையோரம் துவைத்தும் போகாத சிவப்பு மைக்கறை. "ஹி மைட் பி எ டீச்சர்" என்கிறாள் நாத்தனார். அடுத்தது விலை உயர்ந்த வெள்ளைச் சட்டை, ஒரு பட்டன் மட்டும் கறுப்பு நூலில் கோணலாகத் தைத்திருக்கிறது. "ஹி குட் பி ரிச்சர்... பட் லோன்லியர்."

"என்னடி சொல்ற?"

"பணக்காரரா இருக்கலாம் அண்ணி. ஆனா துணைக்கு ஆளில்லாதவர் போல."

"அடப்பாவமே! அந்தப் பட்டனை நானே மாத்தித் தைச்சுடறேன்."

சிரிப்பு அடங்குவதற்குள், தேய்த்த சூடு ஆறாத நீலக் கோட்டு ஒன்றை அண்ணி அந்த இரண்டு சட்டைகளுக்கும் நடுவே மாட்டுகிறாள். நாளைக்கு நாத்தனார் போட்டுப் போக வேண்டியது. "இது யாருது, சொல்லு பார்ப்போம்." தன் கோட்டையே யாரோ முன்பின் தெரியாதவளுடையதைப் போலப் பார்க்கிறாள் நாத்தனார். கழுத்துப்பட்டையில் வெயில் ஏறுகிறது. "ஷி குட் பி..." என்று மெதுவாக ஆரம்பிக்கிறாள், ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அண்ணிக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்கிறாள்.