செல்லோவுக்கு முன்னால் ஒரு மூச்சு

"நல்லா நீளமாப் போயிட்டிருந்த சுரத்தை ஏன்க்கா பாதியில வெட்டுனீங்க?"

"இவ்வளவு நேரம் ஒரே இழுப்பா இழுத்தா கை வலிக்காதா?"

"யாருக்கு, கம்ப்யூட்டருக்கா?" என்று கேட்டுவிட்டு ஸ்பீக்கர் தம்பி தானே சிரித்தான்.

மாடி வீட்டில் குடியிருக்கும் அவனுக்குத் தொழில், ஸ்பீக்கர் பழுது பார்ப்பது. லைப்ரரியில் வேலை பார்க்கும் லைப்ரரி அக்கா கீழ்வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு முழு இசைக்குழுவையே வாசிக்க வைப்பது எப்படி என்று நான்கு மாதமாக அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறான். யாராவது 'எப்படி' என்று வாயெடுத்தால் போதும், அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"பெட்டிக்குள்ள யாரும் உட்கார்ந்து வாசிக்கலக்கா. என்னிக்கோ ஒரு ஆளு ஸ்டுடியோவுல உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியா வாசிச்சிருக்காரு. மெதுவா ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை, வில்லை இந்தப் பக்கம் இழுத்து ஒண்ணு, அந்தப் பக்கம் இழுத்து ஒண்ணு. நீங்க கீபோர்டு கட்டையை அழுத்தினா அதுல ஒரு துண்டு வந்து நிக்குது. மணி கோக்கிற மாதிரி நாம கோக்கிறோம், அவ்வளவுதான்."

"பாவம், அந்த ஆளுக்கு எவ்வளவு அலுத்திருக்கும்," என்றார் அக்கா.

அவர் எப்போதும் வலது கையால் மட்டும்தான் கட்டைகளை அழுத்துவார். இடது கை மடியில் துப்பட்டாவுக்குள் கிடக்கும். ரெண்டு கையையும் வைங்க என்று தம்பி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். புதிதாகப் பழகுபவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டான்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. காகிதக் கப்பல் ஒன்று கடலைத் தேடிப் போகிற பொம்மைப் படத்துக்கு ஒரு நிமிட இசை கேட்டிருந்தார் இயக்குநர். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் முழுப் படமும் அக்காவுக்கு. பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டரை மூடி உறை போட்டுவிடுவதாக அக்கா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள்.

"கடைசியா ஒரு தடவை கேட்டுடலாம்," என்றான் தம்பி.

ஜன்னல் திரை மெல்ல ஊதிக்கொண்டு இறங்கியது. முதலில் வயலின்கள், இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாதபடி, பனி இறங்குவதுபோல வந்தன. பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு குழல். அறைக்கு நான்கு மூலை இருந்ததே தம்பிக்கு மறந்துபோயிற்று. சுவரோரம் வரிசையாக நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோலவும், தலையைத் திருப்பினால் எழுந்து போய்விடுவார்கள் போலவும் இருந்தது. மாலை வெயில் தரையில் தண்ணீராக அசைந்தது. அந்தத் தண்ணீரில் கப்பல் புறப்பட வேண்டிய இடத்தில் செல்லோ வந்தது. வயலினுக்குப் பெரியண்ணன், காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற வாத்தியம். அதற்கு ஒரு நொடி முன்னால், 'ஹ்ம்' என்று ஒரு மூச்சு.

தம்பி சட்டென்று நிறுத்தினான்.

"கேட்டுச்சாக்கா? மூக்கடைச்ச ஆளு வாய் வழியா மூச்சு இழுக்கிற மாதிரி. அந்தக் காலத்துல பதிவு பண்ணவங்க வெட்ட மறந்துட்டாங்க. புதுசா நல்ல ஒலித் தொகுப்பு வந்திருக்கு, அதை வாங்குங்கன்னேன். இந்தப் பழசுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க."

"ஆமா, நின்னேன்."

"பரவாயில்ல. இதோ, இந்த அலையில சின்னதா ஒரு மேடு தெரியுது பாருங்க, அதான் மூச்சு. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவுல இருக்கிறதை மெதுவாத் தேய்ச்சு விட்டா போதும். வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி."

"இருக்கட்டும், தம்பி."

"இயக்குநர் காதுல விழுந்தா?"

"விழட்டும்."

"இது கத்துக்குட்டி வேலைன்னு நினைச்சிடுவாருக்கா. வேற எதுல வேணா பிடிவாதம் பிடிங்க. நாலு மாச உழைப்பு, ஒரு மூச்சுல போயிடும்."

அக்கா அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு, மூச்சோடு அப்படியே அனுப்பிவிட்டார். மணி நான்கு ஐம்பது.

தம்பி, எதையோ பறிகொடுத்தவன் மாதிரி தரையில் உட்கார்ந்தான். அக்கா டீ போட்டு அவன் பக்கத்தில் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

ஐந்தேகாலுக்கு போன் அடித்தது. அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"கேட்டேம்மா," என்றார் இயக்குநர். "கப்பல் நகர்றதுக்கு முன்னாடி யாரோ மூச்சு விடுறாங்களே."

தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"அது வந்த பிறகுதாம்மா அந்தக் காகிதத்துக்கே உயிர் வந்துச்சு. நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன். படம் உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த செல்லோக்காரருக்கு அன்னிக்கு நல்ல சளியோ?"

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கூடவே பேச்சும். "சார், அது யாருன்னு யாருக்குத் தெரியும்? பத்து வருஷத்துக்கு முன்னாடி எந்த ஊர் ஸ்டுடியோவுலயோ எவரோ ஒருத்தர் வாசிச்சது. நாம அதை..."

அக்கா துப்பட்டாவை விலக்கி இடது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். அதில் மூன்று விரல்கள் மடங்கியபடியே, நிமிராமல் இருந்தன.

"ஆமா சார்," என்றார். "பதிவு நடந்த மூணு நாளும் எனக்கு விடாத சளி; கை மட்டும்தான் அப்ப நல்லா இருந்துச்சு."